பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றிச் செல்லும் கார்ச் செலவு யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 56. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வெஸ்ட்வில்லில் என் அண்ணன் மகன் வீட்டில் அவனுடைய மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறேன். அவர்களுக்கு வயது 9, 5, 2. திங்கள் முதல் வெள்ளி வரை பகல் 12.30 முதல் மாலை 6.30 வரையிலும், சனிக்கிழமை காலை 8.30 முதல் 12.30 வரையிலும் வேலை. மாதச் சம்பளம் 6,000 ராண்ட், பெட்ரோலுக்கு 800 ராண்ட். தொடக்கத்தில் பள்ளியிலிருந்து அழைத்து வருவது மட்டும்தான் இருந்தது. இப்போது நீச்சல், பரதநாட்டியம், கிரிக்கெட் என்று என் சொந்தக் காரில் வாரம் 220 கிலோமீட்டர் ஓடுகிறது. வகுப்பு நடக்கும்போது நான் காரில் சும்மாதானே இருக்கிறேன், அதை வேலை நேரமாகச் சொல்ல முடியாது என்று அவன் மனைவி சொல்கிறாள். இனி ஞாயிறு காலை 9 முதல் 11.30 வரை தமிழ் வகுப்புக்கும் கூட்டிப் போக வேண்டுமாம். பக்கத்து வீட்டார் தங்கள் மகளையும் ஏற்றிக்கொண்டால் மாதம் 300 ராண்ட் தருகிறார்கள். டயர் மாற்றக் கடன் வாங்கியிருக்கிறேன். சொந்தத்துக்குள் காசு பேசலாமா?

பதில்: பேசலாம் அம்மா, பேசத்தான் வேண்டும். ஆனால் சம்பளத்தையும் கார்ச் செலவையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். உங்களுடைய சிக்கல் சம்பளத்தில் இல்லை, காரில் இருக்கிறது. இரண்டும் கலந்து கிடப்பதால்தான் 6,000 ராண்ட் வாங்கியும் டயருக்குக் கடன் வாங்க வேண்டியதாயிற்று.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். உங்கள் வேலை வாரம் 34 மணி நேரம், மாதக் கணக்கில் ஏறக்குறைய 147 மணி நேரம். 6,000 ராண்டை அதால் வகுத்தால் மணிக்கு 40 ராண்டுக்குச் சற்று மேல் வருகிறது. வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பிற தொழிலாளர்களுக்கும் 2022 மார்ச் முதல் ஒரே தேசியக் குறைந்தபட்சக் கூலிதான். 2025 மார்ச் 1 அன்று அது மணிக்கு 28.79 ராண்ட் ஆயிற்று, ஆண்டுதோறும் மார்ச்சில் உயர்த்தப்படுகிறது. ஆகவே காகிதத்தில் உங்கள் சம்பளம் சட்டத்துக்குக் குறைவானது அன்று. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், நீங்கள் பேசப் போகும்போது தவறான இடத்தில் வாதத்தைத் தொடங்கிவிடக் கூடாது என்பதுதான்.

இனிக் காருக்கு வருவோம். வாரம் 220 கிலோமீட்டர் என்றால் மாதம் சுமார் 953 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் சிறிய காராகவே இருக்கட்டும், லிட்டர் 21 ராண்ட் என்றே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் மட்டும் மாதம் ஏறக்குறைய 1,400 ராண்ட் ஆகிறது. உங்களுக்குத் தரப்படுவது 800. அதாவது டயர், சர்வீஸ், பிரேக், இன்சூரன்ஸ், கார் பழையதாகி விலை இறங்குவது ஆகிய எதையும் சேர்ப்பதற்கு முன்பே மாதம் 600 ராண்ட் உங்கள் பையிலிருந்து போகிறது. வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டுபவருக்குத் திருப்பித் தரும் தொகைக்கு வருவாய்த் துறையான சார்ஸ் ஆண்டுதோறும் ஒரு விகிதம் அறிவிக்கிறது. 2025 மார்ச்சில் தொடங்கிய வரி ஆண்டுக்கு அது கிலோமீட்டருக்கு 4.76 ராண்ட். அந்த விகிதப்படி உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 4,500 ராண்டுக்கு மேல் வரும். உங்களுடையது பழைய சிறிய கார் என்றால் உண்மைச் செலவு அவ்வளவு இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 3 ராண்ட் என்று அடக்கமாகவே கணக்கிட்டாலும் 2,860 ராண்ட் ஆகிறது. 800 போக மீதி 2,060 ராண்டை நீங்களே சம்பளத்திலிருந்து போடுகிறீர்கள். கையில் நிற்பது 3,940; மணிக்கு 26.74 ராண்ட். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே எப்படி இறங்கிவிட்டது பாருங்கள்.

பெட்ரோலுக்கு 800 தருகிறோமே, அதையும் சேர்த்தால் சம்பளம் 6,800 ஆகிறதே என்று அவர்கள் சொல்லக்கூடும். வேலை செய்வதற்காகத் தரப்படும் போக்குவரத்துப் படியைக் கூலியில் சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்பதே குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் பொது விதி. அதே நேரம், சாட்ஸ்வர்த்திலிருந்து வெஸ்ட்வில்லுக்கு வந்து போகும் தூரம் உங்களுடையதுதான். அதை இந்த 220-இல் சேர்த்திருந்தால் கழித்துவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். மூத்த பிள்ளை நீந்துகிற முக்கால் மணி நேரமும் இரண்டு வயதுக் குழந்தை உங்கள் மடியில் இருக்கிறது. நடுவில் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்துவிட்டு வர உங்களால் முடியாது. ஆசிரியை கூப்பிட்டால் ஓட வேண்டியவரும் நீங்கள்தான். என் தாயார் பல ஆண்டுகள் பிறர் பிள்ளைகளைப் பார்த்தவர். நடன வகுப்பு வாசற்படியில் பையும் தண்ணீர்க் குப்பியுமாக, உறங்கிப்போன இன்னொரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தோளைத்தான் தேய்த்துவிடச் சொல்வார். இடத்தை விட்டு நகர முடியாமல், பொறுப்போடு இருக்கும் நேரம் வேலை நேரமே.

ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து 36 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது விதி. இப்போது சனி பகல் 12.30 முதல் திங்கள் பகல் 12.30 வரை உங்களுக்கு 48 மணி நேரம் கிடைக்கிறது. ஞாயிறு காலை வேலைக்குப் போனால் அது இருபதரை மணி நேரமும் இருபத்தைந்து மணி நேரமுமாக உடைந்துவிடும். எந்தத் துண்டும் 36-ஐ எட்டாது. போக மனமிருந்தால் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி மாலை 6.30 முதல் ஞாயிறு காலை 9 வரை முப்பத்தெட்டரை மணி நேரம் கிடைக்கும். வழக்கமாக ஞாயிறு வேலை செய்யாதவரை அன்று அழைத்தால் இரட்டைக் கூலி. அதுவே வழக்கமான வேலை நாளாகிவிட்டால் ஒன்றரை மடங்கு. இரண்டரை மணி நேரம்தானே என்பதும் செல்லாது; ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக வேலை இருந்தாலும் நான்கு மணி நேரத்துக்கான கூலி தர வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் 300 ராண்டை வாங்காதீர்கள். கூலிக்கு ஆள் ஏற்றுவதற்குத் தொழில்முறை ஓட்டுநர் அனுமதியும் வண்டிக்கான இயக்க உரிமமும் வேண்டும். அவை இல்லாமல் ஏற்றி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கும்.

இன்சூரன்ஸைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் பாலிசி சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று எழுதப்பட்டிருந்தால், வேலைக்காகத் தினமும் ஓட்டுகிறேன் என்று நிறுவனத்திடம் இப்போதே தெரிவித்து, தொகை கூடினால் அந்தக் கூடுதலை அண்ணன் மகனிடம் கேளுங்கள். அரசின் சாலை விபத்து நிதி உடற்காயத்துக்குத்தான் இழப்பீடு தரும். நசுங்கிய கதவுக்குத் தராது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைக் குழந்தை இருக்கையில் வைத்துத்தான் காரில் கொண்டுபோக வேண்டும் என்பது 2015 மே முதல் சட்டம். அந்த இருக்கையை வாங்க வேண்டியது பெற்றோர்.

என்னைக் கேட்டால், கிலோமீட்டருக்குக் காசு கேட்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. அவர்கள் வீட்டில் இரண்டாவது கார் பகலில் நிற்கிறது என்றால் அதைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கச் சொல்லுங்கள். அதன் பாலிசியில் வழக்கமான ஓட்டுநராக உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். பெட்ரோலும் டயரும் அவர்கள் கணக்காகிவிடும், உங்களுக்கு 6,000 ராண்ட் முழுதாக நிற்கும். அது முடியாவிட்டால் கிலோமீட்டருக்கு 3 ராண்ட் என்று கேளுங்கள். சார்ஸ் விகிதத்துக்கு உட்பட்டது என்பதால், ஓட்டக் குறிப்பு இருக்கும் வரை அதற்கு வரி இல்லை. உங்கள் ஆண்டுச் சம்பளமான 72,000 ராண்டும் வருமான வரி வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது.

வேலையின்மைக் காப்பு நிதியில் உங்களைப் பதிவு செய்திருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு அது கட்டாயம். உங்கள் பங்கு 60 ராண்ட், அவர்கள் பங்கு 60 ராண்ட். வேலையில் அடிபட்டால் கிடைக்கும் இழப்பீடும் இப்போது வீட்டு வேலையாளுக்கு உண்டு. பிரிட்டோரியாவில் ஒரு வீட்டுப் பணிப்பெண் 2012-இல் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பர் 19 அன்று தந்த தீர்ப்பால் கிடைத்த உரிமை அது.

பேசப் போகும் முன் நான்கு வாரம் குறிப்பெடுங்கள். ஒரு முறை ஓர் அம்மா என் மேசையில் பிஸ்கட் டின் நிறையப் பெட்ரோல் ரசீதுகளைக் கொட்டினார். எந்த ரசீது வேலைக்கு, எது கோயிலுக்குப் போனதற்கு என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை. உங்களுக்கு அது வேண்டாம். ஒரு சின்ன நோட்டைக் காரிலேயே வைத்து, புறப்படும்போதும் திரும்பும்போதும் மீட்டர் எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள்: “செவ்வாய், நடனம், போக வர 14 கிலோமீட்டர், காத்திருந்தது ஒரு மணி நேரம்” என்று ஒரு வரி போதும்.

பிறகு பிள்ளைகள் உறங்கிய பின், இருவரும் வீட்டில் இருக்கும்போது அந்த நோட்டை நடுவில் வையுங்கள். “சம்பளத்தில் எனக்குக் குறை இல்லை மகளே. கார் ஓடுகிற செலவை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. கணக்கு இதில் இருக்கிறது, நீங்களே கூட்டிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டதை நேரம், தொகை, ஞாயிறு ஏற்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். வேலை விவரங்களை எழுத்தில் தருவது எப்படியும் அவர்கள் கடமை. டயர்க் கடன் மீதியை எப்படி அடைப்பது என்பதை, புதிய கார்ப் பணம் கைக்கு வரும் முதல் மாதத்தில் எனக்கு எழுதுங்கள். வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் சேர்த்து அனுப்புங்கள்.