ஜூபிட்டர்-12: பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

கேள்வி: என்னிடம் லென்ஸைத் திருகி மாட்டும் பழைய ஸ்க்ரூ மவுண்ட் ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமரா ஒன்றும், ஃபுல்ஃபிரேம் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமரா ஒன்றும் இருக்கின்றன. 35 மி.மீ. ஜூபிட்டர்-12 லென்ஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘கிளாஸ் சுத்தம்’ என்கிறார் விற்பவர். இரண்டு கேமராவுக்கும் வாங்கலாமா?

பதில்: ஃபிலிமுக்குத் தாராளமாக வாங்குங்கள். மிரர்லெஸ்ஸுக்காக என்றால் யோசியுங்கள்.

1930களில் ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்துக்காக லுட்விக் பெர்ட்டேலே வடிவமைத்த பயோகான் லென்ஸின் சோவியத் வாரிசு இது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் இருப்பதுபோல ரேஞ்ச்ஃபைண்டருக்குள் மிரர் கிடையாது. அந்தத் துணிச்சலில் பின் கிளாஸை ஃபிலிமை உரசுமளவுக்கு உள்ளே தள்ளிவிட்டார்கள். லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் குண்டுக் கண்ணாடி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். ஓரத்துக்கு வரும் ஒளி அங்கிருந்து படு சாய்வாகத்தான் போகும். ஃபிலிம் அதைச் சகித்துக்கொள்ளும். சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகடு சகிக்காது. மூலைகள் குழையும், நிறமும் திரியும். கறுப்பு வெள்ளையாக்கினால் நிறக்கோளாறு மறையும், குழைவு மறையாது.

அந்தக் குண்டுக் கண்ணாடி சில கேமராக்களின் உட்சுவரில் இடிக்கும். லைக்கா எம்5, சிஎல் போல ஒளியை அளக்கும் மீட்டரின் கை உள்ளே ஆடுபவற்றில் மாட்டவே வேண்டாம். மற்றவற்றில் ஃபோகஸை 1 மீட்டரில் வைத்து மாட்டி, மெதுவாக இன்ஃபினிட்டிக்குத் திருப்புங்கள். அப்போதுதான் லென்ஸ் முழுதாக உள்ளே போகும். லேசாகத் தடுத்தாலும் நிறுத்திவிடுங்கள்.

‘கிளாஸ் சுத்தம்’ என்ற பேச்சை டார்ச் வெளிச்சத்தில் சோதியுங்கள். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். தூசியும் குமிழியும் போகட்டும். பால் படிந்தாற்போல மங்கல் இருந்தால் பிரித்துத் துடைக்கும் கூலியை விலையில் கழியுங்கள். சிலந்தி நூல் போலப் பூஞ்சை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோட்டிங்கைத் தின்றிருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. அந்தத் துளையை மூடித் திறக்கும் பிளேடில் எண்ணெய் தெரிந்தால் பலர் பதறுவார்கள். எஸ்எல்ஆர் லென்ஸில் பதறலாம், அதன் பிளேடு ஷட்டரோடு சட்டென்று மூட வேண்டும். இங்கே நீங்களே கையால் திருப்பப்போகிறீர்கள், பதற வேண்டாம்.

அப்பர்ச்சர் வளையம் முன்விளிம்புக்குள் ஒளிந்திருக்கும், கிளிக்கும் கிடையாது. ஃபில்டர் போட்டால் விரல் நுழையாது. எரிச்சல்தான், பழகிவிடும்.

பழைய ஸ்க்ரூ மவுண்ட் கேமராக்கள் பலவற்றின் வியூஃபைண்டர் 50 மி.மீ. அளவுக்குத்தான் காட்டும். மேலே செருகும் 35 மி.மீ. ஃபைண்டர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் எஃப்/8 வைத்து, தூரத்தை 5 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு அப்பால் எல்லாமே ஃபோகஸில் இருக்கும்.