அனுமன் கையிலிருந்து எத்தனை மலை விழுந்தது?

அன்புள்ள அண்ணனுக்கு,

மகளோடு நம் குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலை ஏறினேன். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது உதிர்ந்த துண்டு இது என்று அப்பா எனக்குச் சொன்னதை அவளுக்கும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் கைபேசியில் தேடினாள். இலங்கையில் காலிக்கு அருகே ருமஸ்ஸலக் குன்றுக்கும் இதே கதையாம். “அப்படியானால் நம்முடையது பொய்யா?” என்கிறாள். வெறும் கதைதான் என்று சொல்லிவிடலாமா?

இன்னொன்று. இந்தச் சிவராத்திரிக்கு, பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடியே போகும் சிவாலய ஓட்டம் போக வேண்டும் என்கிறார் அப்பா. அவரால் ஓட முடியாது. வண்டியில் போனால் அது ஓட்டம் ஆகுமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

‘வெறும் கதை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு அவள் கேட்பதை நிறுத்திவிடுவாள்.

வால்மீகியில் மூலிகை மலை இமயத்தில், ரிஷபம், கயிலாயம் என்ற இரு சிகரங்களுக்கு நடுவே இருக்கிறது. வேலை முடிந்ததும் அனுமன் அதைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். துண்டு உதிர்ந்த செய்தி அங்கே கிடையாது. அதைச் சொன்னவர்கள் அவன் பறந்த வழியில் வாழ்ந்த மக்கள். அவரவர் ஊர் மலையை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்கள். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் துரோணகிரி என்றொரு கிராமம் இருக்கிறது. எங்கள் மலையை எடுத்துக்கொண்டு போனவன் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அனுமனை வணங்குவதில்லை. பறிகொடுத்த ஊரின் கோபமும் கிடைத்த ஊரின் பெருமையும் ஒரே கதையின் இரு முனைகள். இதை முதலில் மகளுக்குச் சொல்லுங்கள்.

கிரேக்கர்களுக்கும் இந்த வழக்கு உண்டு. ஜீயஸ் பிறந்த இடம் என்று கிரீட் தீவில் திக்தே, இடா என்று இரண்டு மலைகளைச் சொல்வார்கள். ஆர்க்கேடியாக்காரர்கள் லைக்கயான் மலை என்பார்கள். ஜீயஸ் எங்கள் ஊரில்தான் பிறந்தார் என்று சொல்லும் மக்களை எண்ணி முடிக்கவே முடியாது என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார் பயணி பௌசானியாஸ். அதனால் எந்த மலைக்கும் மதிப்புக் குறையவில்லை.

நம் மலைக்கு ஏன் இந்தக் கதை வந்தது? பொற்றையடிப் பக்கம் சாலையோரம் நின்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் இடத்தில், தென்னந்தோப்புகளுக்கும் குளங்களுக்கும் நடுவே, சுமையிலிருந்து சிந்தியதுபோல அது தனியாகக் கிடக்கிறது. வைத்தியர்கள் மூலிகை பறித்த மலை. பிள்ளைத்தடம் குகையில் நாராயண குரு தவமிருந்த மலை. தொடரிலிருந்து விலகி நிற்பதையும் மருந்து இருப்பதையும் கண்ணால் கண்ட மக்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே காரணம் சொன்னார்கள். கதையை உண்டாக்கியவர்கள் அந்த மலையை நன்றாக அறிந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

குமரிக் கடற்கரை மணலும் அப்படித்தான். குமரித் தேவியை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட அவ்வூர் இறைவன் தாணுமாலயன், நாரதர் சேவலாகக் கூவியதைக் கேட்டு முகூர்த்தம் தவறிவிட்டது என்று வழுக்கம்பாறையிலேயே திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகிப் போயின. இது நம் பாட்டிமார் சொன்னது. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் கடலில் சேர்த்த துகள்களில் கனமானவற்றை அலை கரையிலேயே விட்டுப்போகிறது. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இது நிலவியல். ஒரு கைப்பிடி மணலை மகளின் உள்ளங்கையில் வைத்து இரண்டையும் சொல்லுங்கள். எது எந்த வகை உண்மை என்று பிரித்துப் பார்க்க அந்த வயதில் நன்றாகவே தெரியும்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். மூலிகை இருக்கிறது, ஆகவே அனுமன் வந்தது அறிவியல்படி நிரூபணமாகிவிட்டது என்று காணொளி போடுகிறார்களே, அதில்தான். அறிவியலும் கெடுகிறது, அனுமனும் ஆய்வுக்கூடத்தில் சான்றிதழ் கேட்டு நிற்பவனாகிறான். பக்தி உள்ளவர்களே இதை முதலில் மறுக்க வேண்டும்.

சிவாலய ஓட்டத்துக்கு வருகிறேன். பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்திடம் பால் வாங்கப் போனான் பீமன். அது சிவனைத் தவிர வேறு பெயர் பொறுக்காதது. அவன் “கோவிந்தா, கோபாலா” என்று கத்த, அது துரத்த, அவன் கண்ணன் கொடுத்த உருத்திராட்சங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே ஓடினான். ஒவ்வொன்றும் லிங்கமாக, அது நின்று பூசை செய்தது. அப்படிப் பன்னிரண்டு கோயில்கள். இன்றும் ஓடுகிறவர்கள் பனையோலை விசிறியோடு, “கோவிந்தா, கோபாலா” என்று கூவிக்கொண்டு சிவன் கோயிலுக்குள் நுழைகிறார்கள். பீமன் ஓடினானா என்று அங்கே யாரும் விவாதிப்பதில்லை. முஞ்சிறை திருமலையிலிருந்து திருநட்டாலம் வரை இத்தனை ஊர்களையும் ஆறுகளையும் ஒரே கதையாகக் கோத்து வைத்திருப்பவை அந்தக் கால்கள்தாம்.

வண்டியில் போகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்பாவைத் தயங்காமல் அழைத்துப் போங்கள். மகள் மட்டும் திருமலையிலிருந்து திக்குறிச்சி வரையாவது ஓடுகிறவர்களோடு நடக்கட்டும், நீங்களும் கூடவே நடங்கள். நட்டாலத்தில் மகாதேவர் கோயிலோடு திரும்பிவிடாமல் சங்கரநாராயணர் கோயிலுக்கும் போங்கள். திருமாலின் பெயரைக் கேட்கவே பொறுக்காத புருஷாமிருகத்துக்குச் சிவனும் திருமாலும் ஒரே உருவமாகக் காட்சி தந்தது அங்கேதான் என்பார்கள்.