சாளை மீனை நிறுத்த வேண்டாம், அந்த மெஷினையும் வாங்க வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. எட்டு வருஷமாக சுகர் இருக்கிறது. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ரத்தம் பார்த்ததில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9 என்று வந்தது. எங்கள் அன்பியத்தில் (கோயிலைச் சேர்ந்த பக்கத்து வீடுகளின் குழு) உள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து, அவருடைய சிறுநீரில் ஒரு காகிதத்தை முக்கிக் காட்டினார். அது மஞ்சளாக மாறியது. "உடம்பு முழுக்க அசிட். அதனால்தான் சுகரும் கிட்னி பிரச்சினையும்" என்றார். மீன், சோறு, டீ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காரத் தண்ணீர் தரும் மெஷின் ஒன்றை வாங்கச் சொல்கிறார். விலை 1,80,000 ரூபாய். மகளிர் குழுவில் லோன் எடுத்துத் தருகிறேன் என்கிறார். மீன் இல்லாமல் என் கணவருக்குச் சோறு இறங்காது. நான் என்ன செய்யட்டும் டாக்டர்?
(குளச்சல் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்:

சகோதரி, முதல் காரியம்: லோன் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

அந்தக் காகிதம் பொய் சொல்லவில்லை. சிறுநீர் அமிலமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதற்கு அவர் சொன்ன அர்த்தம்தான் பொய். உங்கள் ஊரில் வள்ளத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைத்துக் கடலில் கொட்டுவார்கள். கொட்டிய தண்ணீரைப் பார்த்துவிட்டு 'வள்ளம் மூழ்குகிறது' என்று யாராவது சொல்வார்களா? ஆள் இறைத்துக்கொண்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? சிறுநீரில் அமிலம் வந்தால், கிட்னி அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அமிலமா காரமா என்று காட்டும் அளவு பி.எச்.; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். சிறுநீரின் பி.எச். அளவு 4.5-லிருந்து 8 வரை, அன்றன்று சாப்பிட்டதைப் பொறுத்து ஏறி இறங்கும். ராத்திரி மீன் சாப்பிட்டவருக்குக் காலையில் காகிதம் மஞ்சளாகும். மெஷின் விற்க வருகிறவர்கள் சிறுநீரை மட்டும் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். ரத்தத்தைப் பார்த்தால் அவர்களுக்கு வியாபாரம் நடக்காது.

ரத்தத்தின் பி.எச். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் இருக்கும். அதாவது லேசான காரம். இந்தச் சின்ன இடைவெளியை விட்டு ரொம்ப வெளியே போனால் ஆள் படுத்துவிடுவார், ஐ.சி.யூ.வில்தான் பார்க்க வேண்டியிருக்கும். நடமாடிக்கொண்டு, கடலுக்குப் போய்க்கொண்டு, 'உடம்பு முழுக்க அசிட்' ஆக ஒருவர் இருக்க முடியாது.

இதைக் காப்பாற்றுவது மூன்று பேர். ஒன்று, ரத்தத்தில் கரைந்திருக்கும் பைகார்பனேட். ஆப்பசோடாவில் இருக்கும் அதே சரக்குதான். அமிலம் வந்த நொடியிலேயே அதைப் பிடித்து அடக்கிவிடும். இரண்டாவது நுரையீரல். பஸ்ஸைப் பிடிக்க வடசேரி ஸ்டாண்டில் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறதே, அது காற்று போதாமல் மட்டும் அல்ல. ஓடும்போது தசையில் உண்டான அமிலத்தை உடம்பு கரியமில வாயுவாக மாற்றி வெளியே ஊதித் தள்ளுகிறது. சில நிமிஷத்தில் சரியாகிவிடும். மூன்றாவது கிட்னி. இது மெதுவாக வேலை செய்யும், முழு வேகம் பிடிக்க இரண்டு மூன்று நாளாகும். நுரையீரல் ஒரு நாளில் வெளியேற்றும் அமிலத்தோடு ஒப்பிட்டால் கிட்னி வெளியேற்றுவது சுமார் 200-ல் ஒரு பங்குதான். ஆனால் அந்த ஒரு பங்கு காற்றாக மாறாத அமிலம். மீன், முட்டை, இறைச்சியில் உள்ள புரதம் செரித்த பிறகு மிஞ்சுவது. அதைத் தள்ள கிட்னியை விட்டால் வேறு ஆள் இல்லை.

அப்படியானால் சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. மீன், இறைச்சி, முட்டை, அரிசி இவை செரித்த பின் கொஞ்சம் அமிலத்தை மிச்சம் வைக்கும். கீரை, காய், பழம் இவை காரத்தை மிச்சம் வைக்கும். எலுமிச்சை நாக்குக்குப் புளித்தாலும் உடம்புக்குள் போய்க் காரமாகத்தான் முடியும். ஆனால் கிட்னி நன்றாக இருப்பவரிடம் இந்த வித்தியாசமெல்லாம் சிறுநீரில்தான் தெரியும், ரத்தம் அசையாது.

இனி அந்த மெஷினைப் பற்றி. உங்கள் வீட்டில் செய்தாரோ இல்லையோ, இன்னொரு வித்தையும் இவர்கள் செய்வார்கள். கிணற்றுத் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். மெஷின் தண்ணீரில் அதே சொட்டை விட்டால் நீலமோ ஊதாவோ ஆகும். பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். அந்தச் சொட்டு பள்ளிக்கூட லேபில் இருக்கும் நிறங்காட்டி. தண்ணீர் கொஞ்சம் அமிலமா காரமா என்பதைக் காட்டுமே தவிர, அது கெட்டதா நல்லதா என்று சொல்லாது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 6.5-லிருந்து 8.5 வரை. அதற்குள் இருந்தால் போதும். இன்னொரு வித்தையில் இரண்டு இரும்புக் கம்பியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள், தண்ணீர் செங்கல் நிறமாகும். அது கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல.

சரி, காரத் தண்ணீரைக் குடித்தால் எங்கே போகும்? நேராக வயிற்றுக்கு. அங்கே ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கடும் அமிலம் சுரக்கிறது. மெஷின் ஒரு லிட்டர் தண்ணீரில் கூடுதலாகச் சேர்க்கும் காரத்தை முறிக்க அதில் சில ஸ்பூன் போதும். 1,80,000 ரூபாய் அந்தச் சில ஸ்பூனில் தீர்ந்துவிடும்.

நோட்டீஸில் 'நோபல் பரிசு பெற்ற ஓட்டோ வார்பர்க்' என்று போட்டிருப்பார்கள். அவருக்கு 1931-ல் பரிசு கிடைத்தது உண்மை. செல்கள் மூச்சுவிடும் நொதியைக் கண்டுபிடித்ததற்குத்தான் கொடுத்தார்கள், காரத் தண்ணீருக்கு அல்ல. உடம்பு காரமானால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று அமெரிக்காவில் பரப்பிய ராபர்ட் யங் என்பவர் மருத்துவர் கிடையாது. உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்த வழக்கில் 2017-ல் சிறைத் தண்டனை பெற்றார். அவரை நம்பி முறையான புற்றுநோய் சிகிச்சையைக் கைவிட்ட பெண்ணுக்கு 10.5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2018-ல் சான் டியேகோவில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. அந்தச் சரக்கைத்தான் இங்கே அன்பியம் அன்பியமாகக் கொண்டுவந்து விற்கிறார்கள். சர்க்கரை நோயைத் தீர்ப்பேன், புற்றுநோயைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. எழுபது வருஷம் கழித்தும் கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துக் கூட்டம் போடுகிறார்கள். தடுக்க ஆளில்லை. மகளிர் குழுப் பணம் மீன் விற்றும் கயிறு திரித்தும் தையல் தைத்தும் சேர்ந்த பணம். அது இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் கணவர் விஷயத்தில் முக்கியமான பகுதி இதுதான்.

52 வயதில் கிரியாட்டினின் 1.9 என்றால், கிட்னி ஏறக்குறைய 40 சதவீத அளவில்தான் வேலை செய்கிறது. இது 30-க்குக் கீழே போகும்போது பலருக்கு அமிலத்தை முழுதாகத் தள்ள முடியாமல் போகும். அப்போது ரத்தத்தில் பைகார்பனேட் குறையும். அது நீண்ட நாள் குறைந்தே கிடந்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும், தசை வற்றும், கிட்னி இன்னும் வேகமாகக் கெடும். இந்த ஒரு இடத்தில் அமிலம் என்பது நிஜமான பிரச்சினை. காய்கறி, பழம் கூட்டினால் பலன் உண்டு என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம். மெஷின்காரர்கள் இந்தச் சின்ன உண்மையை எடுத்து ஊருக்கெல்லாம் பொருத்துகிறார்கள்.

ஆனால் அதே நோயாளிக்கு அதே பழம் ஆபத்தாகவும் முடியலாம். காரத்தைக் கொடுக்கும் உணவில்தான் பொட்டாசியமும் நிறைய. தளர்ந்த கிட்னி பொட்டாசியத்தையும் சரியாக வெளியேற்றாது. பிரஷருக்கும் கிட்னிக்கும் நாங்கள் கொடுக்கும் டெல்மிசார்ட்டான், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளும் அதைக் கொஞ்சம் ஏற்றும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவரைச் சேர்த்தோம். 'அசிட் இறங்கும்' என்று யாரோ சொன்னதை நம்பி, தினமும் மூன்று இளநீர், இரண்டு ஏத்தன் வாழைப்பழம், கூடவே கீரை சூப். கால் தூக்க முடியவில்லை என்று மகன் தோளில் சாய்ந்தபடி வந்தார். பொட்டாசியம் 6.9. ஐந்துக்கு மேல் போகக் கூடாது. இ.சி.ஜி.யைப் பார்த்ததும் அந்த ராத்திரியே டயாலிசிஸ் போட வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

ஆகவே இளநீர், அக்கானி (பதநீர்), ஏத்தன், கீரை சூப் எதையும் பொட்டாசியம் பார்க்காமல் மருந்துபோலக் குடிக்கக் கொடுக்காதீர்கள். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) காயும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நம் வீடுகளில் மரச்சீனிக்கு அப்படித்தான் செய்வோம், அது இதற்கும் உதவும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் வருவது வேண்டாம், அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கிறது. ஆப்பசோடாவையும் சொந்தமாகக் கலக்கிக் கொடுக்காதீர்கள். ஒரு டீஸ்பூனில் ஒரு கிராமுக்கு மேல் சோடியம். பிரஷர் ஏறும், கால் வீங்கும். தேவைப்பட்டால் அதையே மாத்திரையாக, அளந்து நாங்கள் கொடுப்போம். அது மிக மலிவான மாத்திரை.

அவருக்கு அது தேவையா என்பதை ஒரே ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்: பைகார்பனேட். 22-க்கு மேல் இருந்தால் இப்போதைக்கு அமிலத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கீழே இருந்தால் எவ்வளவு கீழே என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். இதில் எனக்குத் தீராத கோபம் ஒன்று. 'முழு உடல் பரிசோதனை, 70 டெஸ்ட்' என்று பட்டியல் நீட்டுகிறார்கள். சோடியம் இருக்கும், பொட்டாசியம் இருக்கும், தேவையே இல்லாத பத்து விட்டமின் இருக்கும். பைகார்பனேட் இருக்காது. சுகர் நோயாளிக்கு மிக முக்கியமான சிறுநீர்ப் புரத அளவும் இருக்காது. எத்தனையோ பேர் தடித்த ஃபைலோடு வருகிறார்கள், எனக்கு வேண்டிய இரண்டு எண்ணும் அதில் கிடைப்பதில்லை. நீங்கள் லேபில் வாய்விட்டுக் கேளுங்கள்: பைகார்பனேட், பொட்டாசியம், கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிட்னி டாக்டரைப் பாருங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி.

மீனை நிறுத்த வேண்டாம். சாளையோ அயலையோ நெத்திலியோ, மதியம் ஒரு நேரம், இரண்டு துண்டு அளவு சாப்பிடட்டும். ராத்திரியும் மீன், கூட முட்டை என்று அடுக்க வேண்டாம். நிறுத்த வேண்டியது கருவாடு, ஊறுகாய், பப்படம். அவர் கிட்னிக்கு அமிலத்தைவிட உப்புதான் பெரிய எதிரி. சோறு அளவோடு போதும், அது சுகருக்காக. டீ குடிக்கலாம், சீனி போடாமல். சுகர் மருந்தை யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது.

அந்த ஆள் மறுபடி வந்தால், வீட்டுக்கு வந்து நேரடியாக விற்கிறவர்களுக்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் உண்டு. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கு வரக் கூடாது. அட்டையைக் கேளுங்கள். 'இது கிட்னியைக் குணப்படுத்தும்' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மாட்டார். குழுவில் வேறு யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், பில்லையும் நோட்டீஸையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். திங்கள்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து மனுவும் கொடுக்கட்டும். தனியாகப் போனால் மனு ஃபைலிலேயே கிடக்கும்.