‘சப்வெர்சிவ்’ என்றால் மலையாளத்தில் அட்டிமறியா?

எர்ணாகுளத்தில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஷிப்ட் மாற்றச் சொன்ன சூப்பர்வைசரின் பேச்சை ஒரு தொழிலாளி கேட்கவில்லை. ‘யாரும் போகாதீங்க’ என்று வாட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டார். தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் அனுப்பிய நோட்டீஸில் அவருடைய நடத்தை ‘சப்வெர்சிவ்’ (subversive, இருப்பதைக் குலைக்கும் தன்மை) என்று இருக்கிறது. மலையாளப் பிரதி நான் தயார் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி ‘அட்டிமறி’ என்கிறது. பக்கத்து சீட் மலையாளி சிரிக்கிறார். என்ன போடுவது?”

அவர் சிரித்ததில் தப்பே இல்லை. மலையாளப் பத்திரிகையில் ‘பட்டாள அட்டிமறி’ என்று பார்த்தால் ராணுவப் புரட்சி என்று பொருள். ‘ட்ரெயின் அட்டிமறி ஸ்ரமம்’ என்றால் ரயிலைக் கவிழ்க்கச் சதி. டென்னிஸில் பெரிய ஆட்டக்காரரை யாரோ ஒரு பையன் தோற்கடித்தால் அதுவும் அட்டிமறிதான். வழக்கை நீர்த்துப்போகச் செய்வதற்கும் அதே சொல். எங்கே போட்டாலும் உள்ளே இருப்பது ‘இருந்ததைக் குப்புறக் கவிழ்த்தல்’. ஷிப்டுக்கு வராதவர் மேல் இதைப் போட்டால், இயந்திரத்தில் மணலைக் கொட்டினார் என்பதுபோல ஆகிவிடும்.

நம் காதுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் மறித்தல் என்றால் தடுத்து நிறுத்துவது. மறியல் என்றதும் சாலையில் உட்கார்ந்திருக்கும் கூட்டம்தான் மனதில் வரும். மலையாளத்தில் மறிக்குவது கவிழ்ப்பது. ‘பஸ் மறிஞ்ஞு’ என்று யாராவது சொன்னால் மறியல் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், பஸ் கவிழ்ந்து கிடக்கிறது. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் ‘அடியிலிருந்து புரட்டுவது’ என்றே பொருள். அதனால் அகராதிப்படி செயலி சொன்னது சரிதான். எடைதான் ஒத்துவரவில்லை.

அகராதியில் இன்னொரு சொல்லும் கண்ணில் படும்: ‘வித்வம்ஸக ப்ரவர்த்தனம்’. அதைத் தொடவே வேண்டாம். அது காவல்துறை, நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட மொழி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-வது பிரிவு, பிரிவினையையும் ஆயுதக் கிளர்ச்சியையும் சொல்லும் அதே வரியில்தான் இந்த ஆங்கிலச் சொல்லையும் வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியவரை அந்த வரிசையில் நிறுத்த முடியுமா?

சரி, மலையாளிகள் வாய்ப்பேச்சில் இதற்கு என்ன சொல்வார்கள்? அங்கேதான் அந்த மொழி களைகட்டுகிறது. ஒருவருக்குத் தெரியாமல் அவர் காரியத்தைக் கெடுத்தால் ‘பார வெச்சு’. பார என்பது நம் கடப்பாரைதான். தேர்தலில் சொந்தக் கட்சிக்காரர்களே வேட்பாளரைத் தோற்கடித்தால் ‘காலுவாரி’ என்பார்கள், நாம் உள்ளடி வேலை என்கிறோமே அது. கொஞ்சம் கௌரவமான எழுத்துக்கு ‘துரங்கம் வெய்க்குக’ இருக்கிறது. அரசின் திட்டத்துக்கு அதிகாரிகளே துரங்கம் வைக்கிறார்கள் என்று தலைப்பு வரும். துரங்கம் என்றால் சுரங்கப்பாதை. கோவையிலிருந்து திருச்சூர் போகும்போது குதிரானில் நுழைந்து வருகிறோமே, அதையும் துரங்கம் என்றுதான் சொல்வார்கள். கோட்டைச் சுவருக்கு அடியில் தோண்டுவதிலிருந்து ஆங்கிலத்தில் ‘அண்டர்மைன்’ வந்ததல்லவா, அதே படம். நாமும் குழிபறிக்கிறோம். என்ன, இவை எல்லாமே மறைவாகச் செய்கிற வேலைகள். உங்கள் ஆள் குழுவில் எல்லாரும் பார்க்கவே எழுதியிருக்கிறார். அதனால் துரங்கமும் பொருந்தாது.

அந்த ஆங்கிலச் சொல் நோட்டீஸுக்குள் எப்படி வந்தது என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1946-ஆம் ஆண்டின் தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகளில் (தொழிலாளர்களுக்கான பணி விதிகள்), தவறான நடத்தைகளின் பட்டியலில், ‘ஒழுங்கைக் குலைக்கும் எந்தச் செயலும்’ என்ற பொருளில் இதே ஆங்கிலச் சொல்லுடன் ஒரு தொடர் உண்டு. அதை நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்துவருகின்றன. அங்கே கவிழ்க்கப்படுவது அரசாங்கம் இல்லை, ஒழுங்கு. மலையாளத்தில் அதற்கு ‘அச்சடக்க லங்கனம்’ என்று சொல்வார்கள். கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் ‘அச்சடக்கத்தினு விருத்தமாய பெருமாற்றம்’. பெருமாற்றம் என்றால் பெரிய மாற்றம் இல்லை, நடத்தை.

அதே பட்டியலின் முதல் இனம் வேண்டுமென்றே கீழ்ப்படியாமை. உங்கள் வழக்குக்கு நேராகப் பொருந்துவது இதுதான் என்று நினைக்கிறேன். மலையாளத்தில் ‘மனப்பூர்வமாய அனுசரணக்கேடு’. இதில் இரண்டு சொல்லுமே நமக்குக் கண்ணி. நம் அனுசரணை ஆதரவாக இருப்பது, அவர்களுடையது கீழ்ப்படிவது. மனப்பூர்வம் இன்னும் மோசம். நமக்கு அது மனசார, அவர்களுக்கு வேண்டுமென்றே. பல வருஷம் முன்பு இப்படி ஒரு மலையாளக் குற்றச்சாட்டைத் தமிழாக்கும்போது ‘மனப்பூர்வமாக உத்தரவை மீறினார்’ என்று எழுதித் தொலைத்தேன். வக்கீல் போன் போட்டு, “ஏங்க, அவர் சந்தோஷமா மீறினார்னா எழுதியிருக்கீங்க?” என்றார்.

‘திக்காரம்’ என்றொரு சொல்லையும் உங்கள் மேலாளர் விரும்பலாம். வெளிப்படையாக அதிகாரத்தை மதிக்காததற்கு அது சரியான சொல்தான். ஆனால் அது திமிர் என்ற தீர்ப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். விசாரணைக்கு முன்னால் அனுப்பும் நோட்டீஸில் தீர்ப்பு இருக்கக் கூடாது. அட்டிமறிக்கும் இதே பிரச்சினை உண்டு. குற்றச்சாட்டில் நாசவேலை என்று எழுதிவிட்டு விசாரணையில் ஷிப்டுக்கு வராததை மட்டும் காட்டினால், எதிர்த்தரப்பு அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே வாதாடும்.

என்னைக் கேட்டால் பட்டம் கட்டும் சொல்லைப் பின்னுக்குத் தள்ளி, நடந்ததை முன்னே வைப்பேன். தலைப்பில் ‘காரணம் காணிக்கல் நோட்டீஸ்’, அதாவது விளக்கம் கேட்கும் நோட்டீஸ். உள்ளே தேதி, ஷிப்ட், குழுவில் எழுதிய வரி அப்படியே மேற்கோளாக. அப்புறம் இந்த வாக்கியம்: ‘மேலதிகாரியுடெ நிர்தேசம் மனப்பூர்வம் அனுசரிக்காதிரிக்குகயும் சஹப்ரவர்த்தகரெ அதினு ப்ரேரிப்பிக்குகயும் செய்து.’ மேலதிகாரியின் உத்தரவை வேண்டுமென்றே கேட்கவில்லை, உடன் வேலை செய்பவர்களையும் அதற்குத் தூண்டினார் என்று பொருள். இது அச்சடக்க லங்கனம் என்று கடைசியில் ஒரு வரி, பக்கத்தில் உங்கள் நிறுவன நிலையாணையின் பிரிவு எண். தொழிற்சாலைச் சுவரில் நிலையாணையின் மலையாளப் பிரதி ஒட்டியிருந்தால் அதில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள், என்னுடையது வேண்டாம். அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒருமுறை உரக்கப் படிக்கக் கொடுங்கள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை என்றால் அனுப்பலாம்.