விரல் வெளுப்பதெல்லாம் ரத்தசோகை அல்ல

கேள்வி: நாங்கள் பாபநாசம் பக்கம். அம்மாவுக்கு 44 வயது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கவுளி கட்டும் வேலை. இரண்டு வருடமாக, மார்கழியில் வாசல் தெளிக்கும்போதே விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவந்து எரிகின்றன. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், பயனில்லை. இப்போது மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. விரல் நுனியில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய வீக்க மாத்திரை போட்டால் இரண்டு நாள் தேவலை என்கிறார். இது என்ன நோய்?

பதில்: முதலில் அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. உங்கள் அம்மாவுக்கு நான் சந்தேகப்படும் நோயில் ஸ்டீராய்டு கூடுதலாக உள்ளே போனால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. அட்டையோடு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தசோகையில் கண் இமையின் உட்புறமும் நாக்கும் உள்ளங்கையும் எப்போதும் வெளிறியிருக்கும். குளிர்ந்த நீர் பட்டதும் விரல் மட்டும் வெளுத்து, கோடு போட்டதுபோல் ஓரிடத்தில் அந்த வெளுப்பு நிற்பது வேறு சங்கதி. 1862இல் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் ரேனாட் விவரித்ததால் இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இளம்பெண்கள் பலருக்கு இது தனியாக வரும், கெடுதல் செய்யாது. நாற்பதை ஒட்டித் தொடங்கி, விரல் தடித்து, புண்ணும் வந்தால் அப்படி விட முடியாது. ஸ்கிளிரோடெர்மா எனும் தோல் இறுக்க நோயா என்று பார்த்தே ஆக வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். விரல் நுனிதான் ரத்த ஓட்டத்தின் கடைமடை. இந்த நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குகிறது. சிறு ரத்தக் குழாய்களின் உட்சுவர் தடித்து வழி குறுகுகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் நார் தோலில் மட்டுமல்லாமல் நுரையீரல், உணவுக்குழாய் போன்ற உள்ளுறுப்புகளிலும் அளவுக்கு மீறிப் படியலாம். குறுகிப்போன குழாய் குளிரில் மேலும் சுருங்கினால் கடைமடைக்கு ஒன்றும் வந்து சேராது. புண் ஆறாததும் அதனால்தான்.

மூட்டு மற்றும் இணைப்புத் திசு நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி நிபுணரிடம் போங்கள். அவர் நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உருப்பெருக்கியால் பார்ப்பார். ஆரோக்கியமானவர்களுக்கு அங்கே ரத்த நுண்குழாய்கள் கொண்டை ஊசி போல வரிசையாக நிற்கும். இந்த நோயில் சில வீங்கியிருக்கும், சில இடங்கள் வெறுமையாக இருக்கும். உடம்பில் 17 இடங்களில் தோலைக் கிள்ளி இறுக்கத்தை மதிப்பிடுவார். எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்குகிறதா என்று காட்டும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை, நுரையீரல் திறன் சோதனை, மார்பு சி.டி., இதய எக்கோ ஆகியவையும் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று நுரையீரல் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் அந்தப் பாதிப்பு வெளியே தெரியாது. சோறு தொண்டையில் நிற்கிறதா, நெஞ்சு எரிகிறதா என்றும் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நோயை வேரோடு எடுக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் விரலுக்கு ரத்தம் போக நிபெடிபின், புண் விடாப்பிடியாக இருந்தால் சில்டெனாபில், தோலுக்கும் நுரையீரலுக்கும் மைகோபினோலேட் என்று உறுப்புக்கு உறுப்பு நல்ல சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால் நுரையீரலைப் பெரிதும் காப்பாற்றலாம். நிபெடிபினால் கால் வீங்கலாம், நெஞ்செரிச்சல் கூடலாம். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கவுளி கட்டும்போது ஈர வெற்றிலையை மணிக்கணக்கில் கையாள்வதே அம்மாவின் விரலுக்குப் பெரிய சோதனை. மெல்லிய பருத்திக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். உடம்பும் கதகதப்பாக இருக்க வேண்டும். மார்பு குளிர்ந்தாலும் விரல் சுருங்கும். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட வேண்டும், நிக்கோட்டின் அதே குழாய்களைச் சுருக்கும். மோதிரத்தை இழுத்துப் பார்க்காமல் ஆசாரியிடம் வெட்டி எடுத்துவிடுங்கள்.

முதலில் சொன்ன சிறுநீரகப் பாதிப்பு வந்தால் ரத்த அழுத்தம் ஏறும். அதனால் வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவி வாங்கி வாரம் இருமுறையாவது அளந்து, நோட்டில் எழுதுங்கள். வழக்கமான அளவு திடீரென ஏறினாலோ, கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் வந்தாலோ, விரல் நுனி கறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நோட்டும் மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.