கடிகாரம் காட்டும் கிலோமீட்டர்: வாசகர் கேள்விகள்

ஜனவரி வந்தால் மாரத்தான் வரும், பின்னாலேயே ஜி.பி.எஸ். வாட்ச் புகார்களும் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் சில.

ஒரே வழியில் நானும் நண்பரும் சேர்ந்துதான் ஓடினோம். என் வாட்சில் 10 கி.மீ., அவர் வாட்சில் 10.14. எது சரி? (வேளச்சேரி)

இரண்டையும் நம்பலாம், ஓரளவுக்கு. வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் நல்ல வாட்ச் 3 முதல் 5 மீட்டர் பிசகோடு இடத்தைச் சொல்லும். தூரத்தில் 1 சதவீதம் முன்பின் இருப்பது சாதாரணம். 2 சதவீதத்தைத் தாண்டினால் எழுதுங்கள். அப்போதும் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: சிக்னல் பிடிக்கும்வரை வெட்டவெளியில் நின்றீர்களா, இல்லை அபார்ட்மென்ட் கேட்டிலேயே பட்டனை அமுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தீர்களா?

எந்த வாட்ச் வாங்கலாம்? (ஊர், பெயர் இல்லை)

பட்ஜெட்டும் இல்லை. ஓடுகிறீர்களா, நீந்துகிறீர்களா, மலை ஏறுகிறீர்களா, அதுவும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. காலையில் 4 கி.மீ. நடப்பதற்குத்தான் என்றால் கையிலிருக்கும் ஃபோனே போதும்.

உயரமான கட்டடங்கள் நிறைந்த ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் ஓடினால் பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நிமிடம், விநாடி) 3:40 காட்டுகிறது, அடுத்த நொடியே 7:20. வரைபடத்தைப் பார்த்தால் ஆற்றுக்குள் இறங்கி ஓடியிருக்கிறேன். வாட்ச் பழுதா? (சிங்கப்பூர்)

பழுதில்லை, கட்டடங்கள்தான் காரணம். செயற்கைக்கோள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சிக்னல் வந்துசேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துத்தான் வாட்ச் தூரத்தைக் கணக்கிடுகிறது. கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் சற்றுத் தாமதமாக வரும். ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு தாமதித்தாலே கணக்கு 30 மீட்டர் தள்ளிப்போகும். ஆற்றுக்குள் இறங்க அது தாராளம்.

எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளையும் எடுக்கும் மல்டிபேண்ட் வாட்ச் இதை நன்றாகச் சமாளிக்கும். நேராக வந்த சிக்னலையும் எதிரொலித்து வந்ததையும் எல்5-இல் பிரித்தறிவது சுலபம். உங்கள் வாட்சில் அந்த வசதி இருந்தும் பேட்டரிக்குப் பயந்து அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். அப்புறம், நொடிக்கு நொடி மாறும் பேஸைப் பார்த்து ஓடாதீர்கள். லேப் பேஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீட்டரின் சராசரி பேஸை, திரையில் வையுங்கள்.

நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் இருக்கும் வாட்ச்தான் இந்தியாவுக்குத் துல்லியமாமே? (மதுரை)

பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறது என்பதற்காகக் காசைக் கொட்டாதீர்கள். கூடுதல் செயற்கைக்கோள்கள் நல்லதுதான், ஆனால் மல்டிபேண்ட் உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

ஃபுல் மாரத்தான் (42.195 கி.மீ.) ஓடினேன். என் வாட்சில் 42.7 வந்தது. அமைப்பாளர்கள் அரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடவிட்டு என் 4 மணி நேரக் கனவைக் கெடுத்துவிட்டார்கள். யாரிடம் புகார் செய்வது? (சென்னை, கோவை, பெங்களூரு என்று பலர்)

புகார் செய்யும் முன் பாதையை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சான்று பெற்ற பாதையை ஜி.பி.எஸ்.ஸால் அளப்பதே இல்லை. சைக்கிளால் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று ஒரு சின்னக் கருவி, சக்கரம் சுற்றச் சுற்ற எண் ஏறும். ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 10 செ.மீ. முதலில் ஸ்டீல் டேப் பிடித்து நேரான சாலையில் ஒரு நீளத்தை அளந்து, அதில் சைக்கிளை நாலு தடவை ஓட்டி, எத்தனை எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் என்று கண்டுபிடிப்பார்கள். பாதையை அளந்து முடித்ததும் திரும்பவும் நாலு தடவை. வெயில் ஏறினால் டயரில் காற்றழுத்தம் மாறும், அதற்காக.

பாதையில் ஓட்டுவதும் இஷ்டத்துக்கு அல்ல. ஒரு மனிதர் ஓடக்கூடிய மிகக் குறைந்த தூரக் கோட்டில், திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஓட்ட வேண்டும். கடைசியில், பாதை குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு 1 மீட்டர் சேர்ப்பார்கள். ஆக, முழுப் பாதைக்கும் 42 மீட்டர் கூடுதல். உங்களுடையது 500 மீட்டர்!

மிச்சம் எங்கிருந்து வந்தது? திருப்பத்தில் வெளிப்பக்கமாகவே போனீர்கள். தண்ணீர் மேசைக்காகச் சாலையைக் குறுக்கே கடந்தீர்கள். முன்னால் கைகோத்துப் போன கும்பலைச் சுற்றி ஓடினீர்கள். அதற்குமேல், வாட்ச் உங்கள் கோட்டை அங்கங்கே கோணலாக வரைந்து கூட்டிக்கொண்டது. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட்டு, விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து வந்து தண்ணீர் கொடுத்த தன்னார்வலர்களையும் சேர்த்துத் திட்டுவது என்ன நியாயம்?

உங்கள் கனவைக் கெடுத்தது கணக்கு. வாட்ச் பேஸ் 5:40 காட்டினால் 42.195 கிலோமீட்டருக்கு 3 மணி 59 நிமிடம் ஆகும், சரி. ஆனால் உங்கள் வாட்ச் கணக்கில் தூரம் 42.7. அதே 5:40-இல் அதை முடிக்க 4 மணி 2 நிமிடம் ஆகிவிடும். இது தெரிந்தவர்கள் 5:36 வைத்து ஓடுவார்கள். ஒவ்வொரு கிலோமீட்டரையும் வாட்ச் தானாகவே பிரித்துக் குறிக்கும் ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் கையால் லேப் அமுக்குங்கள். பலகையைக் கட்டுபவர் மின்கம்பம் கிடைத்த இடத்தில் இருபது, முப்பது மீட்டர் தள்ளிக் கட்டியிருப்பார். அடுத்த பலகையில் சரியாகிவிடும்.

சான்றே இல்லாத போட்டி என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதைப் பணம் கட்டும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய் வந்தேன். காலை 10 மணிக்கு அடிவாரத்தில் கிளம்பி 4 மணிக்கு அதே டீக்கடைக்குத் திரும்பினேன். வாட்சில் 30 மீட்டர் உயரம் கூடியிருக்கிறது. (நாமக்கல்)

கிளம்பிய நேரத்தை எழுதியதற்கு நன்றி, பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் வாட்ச் உயரத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணிக்கிறது. அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். நம் பகுதியில் தினமும் காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை 4 மணி வாக்கில் 3, 4 மில்லிபார் இறங்கும். 8-ஆல் பெருக்கிப் பாருங்கள். மேலும், சென்சார் துளையில் வியர்வை உப்பு அடைத்திருந்தால் கணக்கு இன்னும் கெடும். நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

மெதுவாக ஓடினாலும் நாடித்துடிப்பு 175. மூச்சு வாங்கவில்லை. பயமாக இருக்கிறது. (திருச்சி)

நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று அதே வாட்சில் பாருங்கள். அதுவும் 175 பக்கம் என்றால், துடிப்புக்குப் பதிலாக உங்கள் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி இறுக்கிக் கட்டுங்கள். துல்லியம் வேண்டுமானால் மார்பு ஸ்ட்ராப். நெஞ்சுவலி, மயக்கம் ஏதாவது இருந்தால் எனக்கு எழுதாமல் மருத்துவரிடம் போங்கள்.

டிராக்கில் 25 சுற்று ஓடினால் 10 கி.மீ. வரவேண்டும். 10.3 காட்டுகிறது. (தூத்துக்குடி)

எந்த லேன் என்று சொல்லவில்லையே! முதல் லேன்தான் 400 மீட்டர். இரண்டாவதில் சுற்றுக்கு 7 மீட்டர் கூடும், 25 சுற்றுக்கு 175. மீதி வாட்சின் கைவரிசை. டிராக் மோடு இருந்தால் போட்டு, லேன் எண்ணைக் கொடுங்கள். தொடங்கும் முன் வெட்டவெளியில் நின்று சிக்னல் பிடியுங்கள் என்பதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நீச்சல் குளத்தில் ஜி.பி.எஸ். தப்பாகக் காட்டுகிறது. (சேலம்)

குளத்தில் ஜி.பி.எஸ். வேலையே செய்வதில்லை. சுவரை உதைத்துத் திரும்பும் அசைவை எண்ணி, நீங்கள் கொடுத்த குளத்தின் நீளத்தால் வாட்ச் பெருக்குகிறது. உங்கள் குளம் 25 மீட்டரா, 20-ஆ? காவலாளியிடம் கேட்டு செட்டிங்கில் போடுங்கள். கிக்போர்டு பிடித்து நீந்தும் சுற்றுகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் வராது. அதற்காக எனக்கு இன்னொரு கடிதம் போடவேண்டாம்.