ரெட் கிளவுடின் முதல் குடியேறிகளை எங்கே தேடுவது?

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வெப்ஸ்டர் கவுன்டியின் (மாவட்டம் போன்றது) தலைமையூரான ரெட் கிளவுடுக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரை உருவாக்கிய ஆரம்பகாலக் குடியேறிகளைப் பற்றி மகள் பள்ளிக்குக் கட்டுரை எழுதவேண்டும். எங்கே பார்த்தாலும் சைலஸ் கார்பர் பெயர்தான் இருக்கிறது. மற்றவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கார்பர் பெயர் வருவது நியாயம்தான். 1871 ஏப்ரலில் கவுன்டியை அமைத்த தேர்தலே அவருடைய மண்குழி வீட்டில் நடந்தது. 1875 முதல் 1879 வரை மாநில ஆளுநராகவும் இருந்தார். ஆனால் மற்றவர்களைத் தேட, ஊரைப் பற்றிய சிறப்பு மலர்களை மூடிவைத்துவிட்டு நிலப் பதிவுகளைத் திறங்கள்.

1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கருக்கு விண்ணப்பித்து, 5 வருடம் குடியிருந்து பயிர்செய்தால் நிலம் சொந்தமானது. அரசு தரும் 'பேட்டன்ட்'தான் அவர்களுடைய பட்டா. மத்திய நில நிர்வாகத் துறையின் இணையதளத்தில் கவுன்டி வாரியாக இலவசமாகத் தேடலாம். அதற்கு செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்கள் (நில அளவையில் ஓர் இடத்தைக் குறிப்பவை) கையில் இருந்தால் நல்லது. ஊருக்குள் மனை எண் மட்டுமே இருக்கும். அது எந்த செக்‌ஷனில் விழுகிறது என்று கோர்ட்ஹவுஸில் கேளுங்கள். தலைமையூரில் இருப்பதன் லாபம் இதுதான், பதிவேடுகள் நடக்கிற தூரத்தில்.

பலர் சறுக்குவது இங்கேதான்: பேட்டன்டில் இருப்பது தாக்குப்பிடித்தவர்கள் மட்டும். 1874 வெட்டுக்கிளிப் படையெடுப்பில் பயிரை இழந்து பாதியில் கிளம்பியவர் அதில் இருக்கமாட்டார். அவரை 'டிராக்ட் புக்' என்னும் பேரேட்டில் பிடிக்கலாம். கைவிட்ட மனுக்களும் அதில் உண்டு.

எனக்குப் பிடித்தது தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள ஹோம்ஸ்டெட் கோப்புகள். வீட்டின் நீள அகலம், எத்தனை ஜன்னல், எத்தனை ஏக்கர் உழுதார், அண்டை வீட்டார் சாட்சியம், குடியுரிமைத் தாள்... கதை எழுத வேறென்ன வேண்டும்?

1879-க்குப் பிறகு, நிலத்தை உறுதிசெய்யுமுன் உள்ளூர்ப் பத்திரிகையில் சாட்சிகள் பெயரோடு அறிவிப்பு போடவேண்டும் என்று சட்டம். சாட்சிகள் பெரும்பாலும் பக்கத்து நிலத்துக்காரர்கள். நான்கு அறிவிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு அக்கம்பக்கமே எழுந்துவிடும். 'ரெட் கிளவுட் சீஃப்' பழைய இதழ்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் கிடைக்கின்றன. அதன் செய்திகளில் ஊர்ப்பெருமை தூக்கலாக இருக்கும். கொஞ்சம் மிகையைக் கழித்துப் படியுங்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கைத் தேடி அலையவேண்டாம், 1921 தீ விபத்துக்குப் பின் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. நெப்ராஸ்காவின் 1885 கணக்கெடுப்பு கைகொடுக்கும்.

'முதலில் வந்தவர்' என்று மட்டும் மகள் எழுதவேண்டாம். ஊர்ப்பெயர் லகோட்டா பழங்குடித் தலைவருடையது. மண்ணோ பானி என்ற பழங்குடி மக்களுடையது. பிளாட் ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1833-இல் கையெழுத்தானது. கட்டுரையை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.